பிரோக் ஆஃப் பர்சே: ஆளில்லாத தீவில் யார் ஊர் கட்டினார்கள்?

செப்டம்பரில் ஆர்க்னி தீவுகளுக்குப் போகிறோம், அங்கே பிரோக் ஆஃப் பர்சே என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறதாம், கடல் வற்றும்போது நடந்தே போகலாமாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆளே இல்லாத இடம், ஒரு லைட்ஹவுஸ், முழங்கால் உயரத்துக்குச் சில இடிபாடுகள். இதற்காக ஓத நேரம் பார்த்து ஓட வேண்டுமா? மூட்டுவலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா? அந்தத் துண்டு நிலத்தில் போய் யார், எதற்கு ஊர் கட்டினார்கள்? இவைதான் உங்கள் கேள்விகள்.

போங்கள், கட்டாயம் போங்கள். அம்மா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் யார் ஊர் கட்டினார்கள் என்பதை எடுத்துக்கொள்வோம். அது தெரியாமல் போனால், எல்லாரும் செய்வதைப் போல நீங்களும் லைட்ஹவுஸ் பக்கத்தில் நான்கு படம் எடுத்துக்கொண்டு, பார்க்க வேண்டியதையெல்லாம் கால்மாட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வருவீர்கள்.

ஆளில்லாத தீவு என்பது இன்றைய நிலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தீவும் எதிர்க்கரையில் இருக்கும் பர்சே கிராமமும் சேர்ந்துதான் ஆர்க்னியின் அதிகார மையம். அதற்கும் முந்நூறு நானூறு ஆண்டுகள் முன்பே இங்கே செல்வாக்குள்ள ஒரு குடியிருப்பு இருந்தது. ஒதுங்கி வாழ நினைத்த துறவிகள் யாரோ வந்து குடிசை போட்ட மூலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இந்த எண்ணம்தான் பெரிய தடையாகத் தெரிகிறது. நாம் தரைவழியாக, காரில், சாலை முடியும் இடத்தில் இறங்குகிறோம். அதனால் இது உலகத்தின் ஓரம் மாதிரி தோன்றுகிறது. கடலில் வந்தவர்களுக்கு இதுதான் வாசல்.

வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஸ்காட்லாந்தின் வடமுனைக்கும் மேலே ஆர்க்னி. அதில் பெரிய தீவின் பெயர் மெயின்லேண்ட். அதன் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி பிரோக். நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து நல்ல காற்றில் பாய்மரப் படகில் ஓரிரு நாளில் ஆர்க்னிக்கு வந்துவிடலாம். இங்கிருந்து தெற்கே திரும்பினால் ஹெப்ரிடீஸ் தீவுகள், அப்புறம் அயர்லாந்து, ஐல் ஆஃப் மேன். சாலையில்லாத காலத்தில் கடல்தான் நெடுஞ்சாலை. அந்த நெடுஞ்சாலை திரும்புகிற முனையில், படகை இழுத்து ஏற்ற ஒரு சின்ன வளைகுடாவும் பின்னால் வளமான விளைநிலமும் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்களில்லை.

தீவின் பரப்பு சுமார் 21 ஹெக்டேர், ஐம்பது ஏக்கருக்குச் சற்றே அதிகம். மெயின்லேண்டுக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ 240 மீட்டர் அகலக் கடல். மேற்கே சுமார் 40 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்துப் பாறை. அங்கிருந்து தீவு முழுதும் கிழக்கு நோக்கிச் சரிந்து, கரைக்கு எதிரே தாழ்வாக முடிகிறது. புயல் வருவது மேற்கிலிருந்து. அதனால் குடியிருப்பு முழுதும் கிழக்குச் சரிவின் அடிவாரத்தில், தீவின் முதுகு தாங்கும் மறைவில் இருக்கிறது. தீவுக்குள் நுழைந்ததுமே இடிபாடுகள் காலில் தட்டுவதற்குக் காரணம் இதுதான்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்க்னியில் மரம் மிகக் குறைவு, கல்லுக்குப் பஞ்சமில்லை. டெவோனியன் காலத்தில் ஒரு பெரிய ஏரியின் அடியில் படிந்த வண்டல் இறுகி உருவான பாறை அது. நம் கடப்பாக்கல் போலத் தட்டையாக, பலகை பலகையாகப் பிளக்கும். உளி வைத்துச் செதுக்கவே தேவையில்லை, எடுத்து அடுக்கினால் சுவர். ஐயாயிரம் ஆண்டுப் பழைய ஸ்காரா பிரே கிராமம் அதே கரையில் சில மைல் தெற்கே இன்றும் கல் அலமாரிகளோடு நிற்பதற்கும், பிரோக்கின் சுவர்கள் இவ்வளவாவது மிஞ்சியதற்கும் இந்தக் கல்தான் காரணம்.

சரி, யார் கட்டினார்கள்?

முதல் ஆட்கள் பிக்ட் மக்கள். ரோமானியர் காலம் தொட்டு 9ஆம் நூற்றாண்டு வரை ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்கள். தங்கள் வரலாற்றைச் சொல்லும் நூல்களாக அவர்கள் விட்டுச் சென்றது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கல்லில் சின்னங்கள் செதுக்கினார்கள். அந்தச் சின்னங்களின் பொருளை இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொன்னதில்லை. பிரோக்கில் அவர்களின் குடியிருப்பு 6, 7ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கியிருக்க வேண்டும். தரைக்கு மேல் கண்ணுக்குத் தெரிவது மிகக் கொஞ்சம், காரணம் பின்னால் வந்தவர்கள் அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். ஒரு சின்னக் கிணறு மட்டும் தெரியும், கல் வைத்துக் கட்டியது. நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அங்கே நில்லுங்கள். அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் வெண்கல வார்ப்பு வேலை செய்ததற்கான கழிவுகள் குவியலாகக் கிடைத்தன. உடைந்த களிமண் அச்சுகள், உலோகம் உருக்கும் கிண்ணங்கள். அந்த அச்சுகளில் வார்த்தவை ஆடையைச் சேர்த்துக் குத்தும் புரோச்சுகளும் ஊசிகளும். சாதாரண மீனவக் குடும்பம் இந்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளாது. கைதேர்ந்த கம்மியருக்குச் சோறு போட்டு உட்காரவைத்து, செய்ததைத் தனக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிற தலைவர் ஒருவர் இருந்தால்தான் இப்படிப்பட்ட பட்டறை நடக்கும். ஊரின் அந்தஸ்து அந்தக் குப்பையில்தான் வெளிப்படுகிறது.

அந்தத் தலைவரின் உருவத்தையே பார்க்கிறோமோ என்று நினைக்கவைக்கும் ஒரு கல்லும் இங்கே கிடைத்தது. 1935-இல் தேவாலயத்தின் கல்லறை நிலத்தில் துண்டு துண்டாக எடுக்கப்பட்டது. ஒட்டிப் பார்த்தபோது மேலே பிக்ட் சின்னங்கள்: வட்டம் ஒன்று, பிறைமேல் முறிந்த அம்பு போன்ற கோடு, யானைத் துதிக்கை போல மூக்கு நீண்ட ஒரு விசித்திர மிருகம், கழுகு. கீழே மூன்று வீரர்கள், கையில் ஈட்டி, சதுரக் கேடயம், தரையைத் தொடும் அங்கி, வரிசையாக நடக்கிறார்கள். மூவரும் ஒரே மாதிரி இல்லை. முன்னால் போகிறவரின் முடி சுருள் சுருளாக இருக்கிறது, அங்கியின் விளிம்பில் அலங்காரம், கேடயத்திலும் வேலைப்பாடு கூடுதல். பின்னால் வரும் இருவருக்கும் அந்த ஆடம்பரம் இல்லை. செதுக்கியவர் தகுதி வேறுபாட்டை வேண்டுமென்றே காட்டியிருக்கிறார். தீவில் நிற்பது பிரதி. அசல் எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீங்கள் கார் நிறுத்தப்போகும் முனைக்கு பக்கோய் என்று பெயர். அங்கேயும் 1970-71-இல் ஆன்னா ரிச்சி தலைமையில் அகழாய்வு நடந்தது. பிக்ட் வீடுகள், அவற்றின் மேல் பின்னால் நார்வேயிலிருந்து வந்த நார்ஸ் மக்களின் வீடுகள். அங்கே கிடைத்த ஒரு நூற்புக் கதிரின் கல் சக்கரத்தில் ஓகம் எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஓகம் என்பது அயர்லாந்தில் தோன்றிய, கோடு கோடாகக் கீறும் எழுத்து. அதைக் கேத்தரின் ஃபோர்சைத் பழைய ஐரிஷ் மொழியில் ஒருவரின் ஆன்மாவுக்கான ஆசி என்று படித்தார். நினைத்துப் பாருங்கள்: நார்வே ஆட்கள் வருமுன்பே, அயர்லாந்து எழுத்தில் ஒரு கிறிஸ்தவ வேண்டுதல், ஆர்க்னியில் நூல் நூற்ற யாரோ ஒருவரின் கையில். ஒதுக்குப்புறமான ஊரில் இதெல்லாம் நடக்காது.

9ஆம் நூற்றாண்டில் நார்வேக்காரர்கள் குடியேறுகிறார்கள். வைக்கிங்குகள் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டெனப் புரியும். இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பயிரும் மாடும் வைத்துப் பிழைத்தவர்கள், அதனால் ஆய்வாளர்கள் நார்ஸ் மக்கள் என்றே எழுதுகிறார்கள். பழைய ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. பக்கோயில் நார்ஸ் வீடுகளுக்குள்ளேயே பிக்ட் பாணிப் பொருட்கள் கிடைத்ததால், இரு தரப்பும் கலந்து வாழ்ந்தார்கள் என்று ரிச்சி வாதிட்டார். ஆர்க்னியின் பண்ணைப் பெயர்களில் பழைய மொழியின் சுவடு ஏறக்குறைய இல்லவே இல்லை, இது கலப்பு இல்லை, துடைத்தெடுப்பு என்பது எதிர்த்தரப்பு. என் பார்வையில் பொருட்கள் சொல்வதும் பெயர்கள் சொல்வதும் ஒரே கதையின் இரண்டு பாதிகள்: மக்கள் மிஞ்சியிருக்கலாம், நிலத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அவர்கள் கையைவிட்டுப் போயிருக்கிறது. தோற்றவர்களின் நிலை பெரும்பாலும் அதுதானே.

நார்ஸ் வீடுகள்தான் இன்று நீங்கள் அதிகம் பார்ப்பவை. தேவாலயத்துக்கு மேலே சரிவில் நீள நீளமாகக் கிடக்கும் செவ்வகங்கள் அவை. இரண்டு வரிசைக் கல்லுக்கு நடுவே புல்மண் திணித்த தடித்த சுவர், காற்றைத் தடுக்க அதைவிட நல்ல ஏற்பாடு அன்று இல்லை. உள்ளே நடுவில் நீண்ட அடுப்பு, இரு பக்கமும் உட்காரவும் படுக்கவும் திண்ணை. சரிவோடு ஓடும் வடிகால்களைக் கவனியுங்கள், பலகைக்கல் மூடி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கடல் பக்கம் இருக்கும் கட்டடத் தொகுதியில் வெந்நீர்க் குளியலறை என்று கருதப்படும் ஓர் அறையும் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் சில சுவர்கள் பாறை விளிம்பில் பாதியில் நின்றுபோகும். மீதி கடலில் விழுந்துவிட்டது.

இது இன்னொரு விஷயத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தக் காலத்தில் இது தீவாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். கடல் அரிப்பின் வேகத்தை வைத்துப் பார்த்தால், பிக்ட் காலத்தில் பிரோக் மெயின்லேண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையாக, ஒடுங்கிய நிலப்பட்டையால் கரையோடு சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முப்புறமும் கடல், ஒரு பக்கம் மட்டும் காவல் காத்தால் போதும். தலைவன் ஒருவன் விரும்பித் தேர்ந்தெடுக்கும் இடம்தான். அப்படிப் பார்த்தால், தீவில் போய் ஏன் ஊர் கட்டினார்கள் என்ற கேள்வி பாதி கரைந்துவிடும். அவர்கள் கட்டியது முனையில். கடல் அதைத் தீவாக்கிவிட்டது.

இனி மனிதர்களுக்கு வருவோம். ஆர்க்னியை ஆண்டவர்களுக்கு ஏர்ல் என்று பட்டம். பெயருக்கு நார்வே மன்னருக்குக் கீழே, நடைமுறையில் சிற்றரசர்கள். அவர்களில் பெரியவர் தோர்ஃபின். அப்பா சிகுர்ட் 1014-இல் டப்ளினுக்கு அருகே க்ளோன்டார்ஃப் போரில் செத்தபோது தோர்ஃபின் சின்னக் குழந்தை. தாய்வழியில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் மால்கமின் பேரன். வளர்ந்து ஆர்க்னி, ஷெட்லாந்து, வட ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி, ஹெப்ரிடீஸ் வரை கை நீட்டினார். 1050 வாக்கில் ரோமுக்கு யாத்திரை போய்ப் போப்பைச் சந்தித்து வந்தார். திரும்பியதும் பர்சேயில் நிலையாகத் தங்கி, கிறிஸ்துவின் பெயரில் ஒரு தேவாலயம் கட்டினார், அதுவே ஆர்க்னியின் முதல் பிஷப்பின் இருப்பிடமானது. இதையெல்லாம் சொல்வது 1200 வாக்கில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஆர்க்னியிங்கா சாகா என்ற வரலாற்றுக் கதைநூல். தோர்ஃபின் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதியது, ஆகவே வரிக்கு வரி நம்ப வேண்டியதில்லை. ஆனால் பர்சேதான் தலைமை இடம் என்பதில் அதற்குக் குழப்பமே இல்லை.

அப்புறம் மாக்னஸ். தோர்ஃபினின் பேரன். ஒன்றுவிட்ட சகோதரன் ஹாகோனோடு சேர்ந்து ஆண்டவர். 1117-ஐ ஒட்டி, எகில்சே தீவில் சமாதானம் பேச வரச்சொல்லி, ஹாகோன் அவரைக் கொன்றுவிட்டார். கொடி பிடிப்பவன் வெட்ட மறுத்ததால், அழுதுகொண்டிருந்த சமையற்காரன் லிஃபோல்ஃபின் கையில் கோடரியைக் கொடுத்தார்கள் என்கிறது சாகா. மாக்னஸின் தாய் தோரா, மகனைக் கொன்றவனிடமே கெஞ்சி உடலை வாங்கி, பர்சேயில் தோர்ஃபினின் தேவாலயத்தில் புதைத்தார். கல்லறைக்கு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பிஷப் வில்லியம் முதலில் இந்த அற்புதப் பேச்சையெல்லாம் நம்பவில்லை, பின்னால் மாறினார். மாக்னஸின் எலும்புகள் கிழக்கே, இன்று ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1137-இல் மாக்னஸின் சகோதரி மகன் ரோக்ன்வால்ட் அங்கே புனித மாக்னஸ் கதீட்ரலைக் கட்டத் தொடங்கினார். அந்தக் கதீட்ரலின் தூண் ஒன்றுக்குள் 1919-இல் ஒரு பெட்டி கிடைத்தது, உள்ளே எலும்புகள், மண்டையோட்டில் வெட்டுக் காயம். சாகா சொன்ன சாவுக்குப் பொருந்துகிற காயம்.

இப்போது உங்கள் முன்னால் தீவில் நிற்கும் அந்தச் சின்னத் தேவாலயம், தோர்ஃபின் கட்டியதா? பல கையேடுகள் அப்படியே சொல்லிவிடும். 1930-களிலும் 50-களிலும் இங்கே தோண்டியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். கரையோரக் கட்டடத் தொகுதிக்குத் தோர்ஃபினின் அரண்மனை என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. தேவாலயத்தின் அமைப்பைப் பாருங்கள்: செவ்வக மக்கள்கூடம், அதைவிட ஒடுங்கிய சதுரப் பலிபீட அறை, அதன் முடிவில் அரைவட்டக் குழிவு, மேற்கே கோபுரம் எழுப்ப நினைத்த அடித்தளம். கச்சிதமான ரோமனெஸ்க் வேலை, 12ஆம் நூற்றாண்டுப் பாணி. தோர்ஃபின் 1065 வாக்கில் இறந்துவிட்டார். வடக்கே ஒட்டி, முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கம் அறைகள். முன்பு பிஷப் மாளிகை என்றார்கள், இன்று பெரும்பாலோர் சின்ன மடாலயம் என்கிறார்கள். எதிர்க்கரையில் பர்சே கிராமத்து மாக்னஸ் தேவாலயத்தின் அடியில் 1980-களில் தோண்டியபோது பழைய, கனமான கல் கட்டுமானம் ஒன்று தென்பட்டது. தோர்ஃபினின் தேவாலயம் அங்கே இருந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏர்லும் பிஷப்பும் நூற்றுக்கணக்கான ஆட்களும் வந்துபோகும் இடம், தினம் இரு முறை கடல் வழிமறிக்கும் தீவில் இருப்பதைவிடக் கிராமத்தில் இருப்பதுதான் இயல்பு. இதனால் பிரோக்கின் மதிப்பு குறையாது. தீவையும் கிராமத்தையும் ஒரே ஊராகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மாக்னஸின் எலும்புகளோடு அதிகாரமும் கிர்க்வாலுக்குப் போய்விட்டது. அங்கே நல்ல, மறைவான துறைமுகம். பிரோக்கின் தேவாலயத்துக்கு மட்டும் பல நூற்றாண்டுகள் யாத்ரீகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆர்க்னியே 1468-இல் கைமாறியது: டென்மார்க், நார்வே இரண்டையும் ஆண்ட மன்னர் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னருக்குக் கட்டிக்கொடுக்கும்போது, சீதனப் பணத்துக்கு ஈடாக ஆர்க்னியை அடகு வைத்தார். மீட்கவேயில்லை.

தோண்டிய விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1866-இல் சர் ஹென்றி டிரைடன் தேவாலயத்தைத் துப்புரவு செய்தார். 1930-களில் அரசின் பணித்துறை பெரிய அளவில் மண்ணை அகற்றியது. பார்வையாளர்களுக்குச் சுவர்களைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்ற பதிவு போதவில்லை. எந்தப் புரோச் அச்சு எந்தத் தலைமுறையுடையது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். அந்தத் தோண்டலில் இளம் வயதில் பங்கெடுத்த செசில் கர்ல், 1934 முதல் 74 வரை கிடைத்த பொருட்களை ஒவ்வொன்றாகத் தேடி ஒழுங்குபடுத்தி 1982-இல் வெளியிட்டார். பிரோக்கின் பிக்ட் பட்டறையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவருடைய அந்தப் பொறுமையால் வந்தது. 1970, 80-களில் ஜான் ஹன்டரும் கிறிஸ்டோபர் மோரிசும் எஞ்சிய பகுதிகளில் அடுக்கு அடுக்காகத் தோண்டினார்கள்.

லைட்ஹவுசுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இடிபாடுகளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1925-இல் டேவிட் ஏ. ஸ்டீவன்சன் கட்டியது. அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஸ்காட்லாந்துக் கரையெங்கும் விளக்குக் கட்டியது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இவருடைய பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரர். தொடக்கத்திலிருந்தே தானியங்கி விளக்கு, காவலர் யாரும் குடியிருந்ததில்லை. 2001-இல் சூரிய சக்திக்கு மாறியது. கட்டடம் சிறியது, கோட்டை மதில் போல விளிம்பு வைத்த வெள்ளைக் கோபுரம். ஆனால் அது நிற்கும் மேற்கு விளிம்பு வரை ஏறுங்கள், சரிவு மெதுவானதுதான். தெற்கே மார்விக் ஹெட் மலைமுனையில் ஒரு கல் கோபுரம் தெரியும். 1916 ஜூன் 5 அன்று, பிரிட்டனின் போர் அமைச்சர் லார்ட் கிச்சனர் பயணம் செய்த எச்.எம்.எஸ். ஹாம்ப்ஷயர் என்ற போர்க்கப்பல் இந்தக் கடலில் ஜெர்மன் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. எழுநூறுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதன் நினைவுச்சின்னம் அது. பஃபின் பறவைக்காகப் போகிறீர்கள் என்றால் மன்னிக்கவும், அவை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடலுக்குப் போய்விடும். பாறை விளிம்பில் வேலி கிடையாது, ஈரப்புல் வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி ஓதம். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கடல் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வற்றும். ஆகவே வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று யாரோ காலை 10 மணிக்குப் போனார்கள் என்பது இன்று உங்களுக்கு உதவாது. நீர் மிகத் தாழும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பிருந்து இரண்டு மணி பின்வரை கடக்கலாம் என்பது பொதுக் கணக்கு. அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்துக் கடல் நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வற்றுவதே குறைவு, உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. செப்டம்பர் பிற்பகுதியில், இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி வரும் அமாவாசை பௌர்ணமிகளில் ஏற்ற இறக்கம் ஆண்டிலேயே மிக அதிகமாக இருக்கும். அதை ஒட்டி உங்கள் நாள் அமைந்தால் நல்லது.

அட்டவணை பார்க்கும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கும். ஒன்று, சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். செப்டம்பரில் பிரிட்டனில் கோடை நேரம், ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இரண்டு, ஓதம் ஆர்க்னிக்கு அட்லாண்டிக் பக்கமிருந்து வருவதால் மேற்கே ஸ்ட்ரோம்னெஸ் நேரமும் கிழக்கே கிர்க்வால் நேரமும் ஒன்றல்ல, ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் வரும். கிர்க்வால் நேரத்தைப் பார்த்துப் போனால், நேரம் இருக்கிறது என்று நினைத்து மாட்டிக்கொள்வீர்கள். தீவைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அமைப்பிடம் பிரோக்கைக் கடக்கும் நேரம் என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டவணை வானிலையைக் கணக்கில் எடுக்காது என்பதும் முக்கியம். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அதோடு மேற்கிலிருந்து பேரலையும் சேர்ந்தால், வற்ற வேண்டிய நேரத்திலும் பாதை நனைந்துகொண்டே இருக்கும். அந்த நாளில் போகாதீர்கள். ஏறும் நீர் தொடக்கத்தில் மெதுவாக ஏறும், மூன்றாம் நான்காம் மணியில்தான் வேகம் பிடிக்கும்; இன்னும் நேரமிருக்கிறது என்று கண்ணால் மட்டும் கணிப்பது ஆபத்து. நான் சொல்வது இது: நீர் தாழும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் கடந்துவிடுங்கள், தாழ்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் திரும்பிவிடுங்கள். இரண்டரை மணி நேரம் தீவுக்குத் தாராளம். ஒருவேளை பாதை மூழ்கிவிட்டால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். தீவிலேயே உட்கார்ந்திருப்பதாக ஆனால் எட்டு மணி நேரம் போல ஆகும். குளிரும் பசியும் படுத்தும், ஆனால் உயிருக்கு அது பாதுகாப்பு. குடிக்கத் தண்ணீர், காற்றுத் தடுக்கும் மேலாடை, முழு சார்ஜ் உள்ள போன் மூன்றும் கையில் இருக்கட்டும். தீவில் கடை, கழிப்பறை எதுவும் கிடையாது.

அம்மாவைப் பற்றி. கரையிலிருந்து படியிறங்கி, பாறையும் கூழாங்கல்லும் தாண்டி, சிமென்ட் போட்ட பாதையில் நடக்க வேண்டும். பாதை முழுதும் ஈரம், ஓரங்களில் கடற்பாசி. நல்ல பிடிமானமுள்ள காலணியும் கைத்தடியும் இருந்தாலும், திடீரெனக் கால் சறுக்கினால் தாங்க முடியாத மூட்டுக்கு இது ஏற்றதல்ல. திரும்பி வரும்போது அவசரப்படவும் நேரலாம். உண்மையைச் சொன்னால், நான் அழைத்துப் போகமாட்டேன்.

அதற்காக அவருக்கு ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். பக்கோய் முனையில் காரிலிருந்தே தீவின் சரிவும் லைட்ஹவுசும் தெரியும், கடல் வற்றிப் பாதை வெளிப்படுவதையும் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் போலப் பின்னால் வந்தால் பர்சே கிராமம், அங்கே எல்லாம் சமதரை, சாலையோரம். நடுவில் ஏர்லின் அரண்மனை: ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸின் திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன் ராபர்ட் ஸ்டூவர்ட் 1570-களில் கட்டியது, நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த முற்றம், இப்போது கூரையில்லை. ராபர்ட்டும் அவர் மகன் பாட்ரிக்கும் ஆர்க்னி மக்களை வரியாலும் கட்டாய வேலையாலும் வாட்டியவர்கள். பாட்ரிக் 1615-இல் எடின்பரோவில் தலை வெட்டப்பட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் மாக்னஸ் தேவாலயம், நான் மேலே சொன்ன பழைய கட்டுமானம் அதன் அடியில்தான்.

ஆகவே உங்கள் நாளை இப்படி வையுங்கள். உங்களில் ஒருவர் அம்மாவோடு கிராமத்தில் இருக்கட்டும், மற்றவர்கள் தீவுக்குப் போகட்டும். திரும்பியதும் எல்லாரும் அரண்மனையையும் தேவாலயத்தையும் சேர்ந்து பாருங்கள். தீவில் முதலில் கிணறு, அப்புறம் கல்லின் பிரதி, தேவாலயம், சரிவில் இருக்கும் வீடுகள், கடைசியில் லைட்ஹவுஸ். நேரம் போதாவிட்டால் லைட்ஹவுசை விட்டுவிடுங்கள். ஊருக்கு எடின்பரோ வழியாகத் திரும்புகிறீர்கள் என்றால், தேசிய அருங்காட்சியகத்தில் அசல் கல் இருக்கும் தளத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம், அம்மாவுக்கு லிஃப்ட் வசதியும் உண்டு.